தாமே கட்டும் சிறுபடகுகள்: மலை நீர்த்தேக்கங்கள் தரும் பாடம்

(திட்ட அலுவலர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

நாட்டின் மூலதன ஆக்கம் கணக்கிடப்படும்போது தொழிற்சாலைகளும் இயந்திரங்களும் பாலங்களும் அதில் இடம்பெறுகின்றன. துறைமுகத்தில் கட்டப்படும் கப்பலும், வங்கிக் கடனில் வாங்கப்படும் விசைப்படகும் ஏதேனும் ஒரு பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. ஆனால் ஒரு குடும்பம் தன் வீட்டின் பின்புறத்திலோ ஏரிக்கரையிலோ தன் கைகளாலேயே கட்டிக்கொள்ளும் சிறிய மிதவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதற்கு விலைச்சீட்டு இல்லை. கடன் பத்திரம் இல்லை. கட்டியவர் தொழில்முறைத் தச்சரும் அல்லர். எனினும் அக்குடும்பத்தின் அன்றாட உணவும், சந்தைக்குச் செல்லும் வழியும் அம்மிதவையையே சார்ந்துள்ளன. பொருளியல் நோக்கில் அதுவும் மூலதனமே. உழைப்பு நேரடியாக மூலதனமாக மாறியதற்கு மிகத் தெளிவான சான்று எனலாம்.

இத்தகைய படகுகளைப் பற்றிப் பேசுகையில் கடற்கரையே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஆராயத்தக்க ஒரு நிலைமை கடலிலிருந்து தொலைவில், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் மலைப்பகுதிகளில் காணப்படுகிறது. அங்குள்ள மக்கள் கடலோடிகள் அல்லர். காட்டையும் மலையையும் சார்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களைப் படகு கட்டுவோராக ஆக்கியவை அணைகளே.

மலைக்கு வந்த நீர்

1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பயனாகத் தேக்கடியில் ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி உருவாயிற்று. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக அந்நீர் கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டு, தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்கிறது. பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நீர்த்தேக்கங்கள் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டன. தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்டு, 1958 முதல் செயலுக்கு வருவதாகக் கொண்ட உடன்படிக்கையின்படி அவற்றின் நீர் கோவை, திருப்பூர் மாவட்டங்களுக்குப் பயன்படுகிறது. 1976-இல் தொடங்கி வைக்கப்பட்ட இடுக்கித் திட்டம் மற்றொரு பரந்த நீர்ப்பரப்பை மலைகளுக்கிடையே தோற்றுவித்தது.

நீர் எங்கே பாய்ந்தது என்பதை எல்லோரும் அறிவர். நீர் எங்கே நின்றது என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். முன்பு நடந்து கடந்த பள்ளத்தாக்கு ஏரியாயிற்று. ஆற்றில் மீன் பிடித்தவர் ஆழமான தேக்கத்தில் வலை விரிக்க வேண்டியவரானார். குமுளியை அடுத்த குடியிருப்புகளில் வாழும் மன்னான், பளியர் இன மக்களும், பரம்பிக்குளம் பகுதிகளில் வாழும் காடர் இன மக்களும் ஆற்றைக் கடக்க மூங்கிலைப் பிணைத்துத் தெப்பம் அமைக்கும் அறிவைப் பெற்றிருந்தனர். அந்த அறிவை அவர்கள் ஏரிக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டனர். மலையாளத்தில் சங்காடம் என்று வழங்கும் இந்த மூங்கில் தெப்பமே இப்பகுதியின் மிக எளிய, தாமே கட்டும் நீர்க்கலம் ஆகும்.

பெரியாற்று ஏரியில் ஒரு தனித்தன்மை உண்டு. அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் நீருக்கு மேலும் நீருக்கு அடியிலும் நிற்கின்றன. மெல்லிய பலகைப் படகு அவற்றில் மோதினால் அடிப்பகுதி பிளந்துவிடும். தெப்பமோ மோதினாலும் வழுக்கிச் செல்லும். ஒரு மூங்கில் உடைந்தாலும் ஏனையவை தாங்கும். பார்ப்பதற்குப் பின்தங்கியதாகத் தோன்றும் ஒரு சாதனம் அதன் சூழலுக்கு மிகப் பொருத்தமானதாக இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தெப்பத்தின் கணக்கு

தெப்பம் மிதப்பதில் மறைபொருள் ஏதுமில்லை. 5 மீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட ஒரு மூங்கிலை எடுத்துக்கொள்வோம். அது முழுவதும் நீரில் அமிழ்ந்தால் ஏறத்தாழ 25 லிட்டர் நீரை, அதாவது 25 கிலோகிராம் எடையுள்ள நீரை வெளியேற்றும். மூங்கிலின் சுவர் ஒன்றேகால் சென்டிமீட்டர் தடிப்புள்ளது எனக் கொண்டால், நன்கு உலர்ந்த நிலையில் அதன் எடை 9 கிலோகிராம் அளவில் இருக்கும். எஞ்சிய 16 கிலோகிராம் அதன் தாங்கும் திறன். பச்சை மூங்கிலின் எடை 13 கிலோகிராம் அளவுக்கு உயர்ந்து, தாங்கும் திறன் 12-ஆகக் குறைந்துவிடும். வெட்டிய மூங்கிலை உலர்த்திய பின்னரே கட்ட வேண்டும் என்ற வழக்கத்தின் காரணம் இதனால் விளங்கும்.

இத்தகைய 20 மூங்கில்களை ஒரே வரிசையில் பிணைத்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள தெப்பம் கிடைக்கும். அது முற்றிலும் அமிழும் எல்லை 320 கிலோகிராம். அதில் பாதியைப் பாதுகாப்பான சுமையாகக் கொண்டால் இருவரும் ஒரு வலையும் ஒரு கூடை மீனும் அதில் செல்லலாம். மூன்றாமவர் ஏறக் கூடாது. எழுத்தில் காணாத இக்கணக்கைத் தெப்பம் கட்டுவோர், கால் நனையும் அளவைக் கொண்டே அறிந்துகொள்கின்றனர்.

மூங்கிலின் மற்றொரு சிறப்பு அதன் கணுக்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு தடுப்புச் சுவர். மூங்கில் ஓரிடத்தில் வெடித்தால் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டுமே நீர் புகும். மற்ற அறைகள் காற்றுடன் இருக்கும். பெரிய கப்பல்களின் உடற்பகுதியை அறைகளாகப் பிரிக்கும் பொறியியல் முறையை இயற்கையே இங்கு வழங்கியுள்ளது. எனவே தெப்பம் கவிழ்ந்தாலும், சிதைந்தாலும், மூழ்குவதில்லை. பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்று நீர்மட்டத்தில் எப்போதும் இருக்கும். இந்த உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். பின்னர்க் கூறப்படுவன அனைத்தும் இதனையே சார்ந்தவை.

குறைகளும் இல்லாமலில்லை. வெயிலிலும் நீரிலும் மாறி மாறிக் கிடக்கும் மூங்கில் விரைவில் வெடித்துக் கெடும். கட்டுகளை அடிக்கடி இறுக்க வேண்டும். தெப்பத்தையே குறுகிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். காற்று எதிர்த்தால் துடுப்பிட்டு முன்னேறுவது கடினம். எனினும் புதுப்பித்தலுக்குப் பணம் தேவையில்லை. சில நாள் உழைப்பும் சில மூங்கில்களும் போதும். தேய்மானம் பெரிது, ஆனால் அத்தேய்மானத்தை ஈடுசெய்யும் திறன் உரிமையாளரின் கையிலேயே உள்ளது. விலையுயர்ந்த கலம் ஒன்றை மானியத்தில் பெற்று, பழுது பார்க்க ஆளும் பொருளும் இன்றிக் கரையில் போட்டு வைப்பதைவிட இது மேலான நிலையாகும்.

வேட்டையிலிருந்து வழிகாட்டலுக்கு

பெரியாறு வனப்பகுதி 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் பின்னர் வனத்துறைக்கும் காட்டைச் சார்ந்து வாழ்ந்தோருக்கும் இடையே உரசல்கள் இருந்துவந்தன. உலக வங்கியின் உதவியுடன் 1996 முதல் சில ஆண்டுகள் நடைபெற்ற சூழல் மேம்பாட்டுத் திட்டம் இந்நிலையை மாற்ற முயன்றது. காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களும் வேட்டையாடியவர்களும் குழுக்களாக அமைக்கப்பட்டுக் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் ஆயினர். பழங்குடி மக்களின் குழுக்களும் அமைக்கப்பெற்றன. மூங்கில் தெப்பப் பயணம் சுற்றுலாப் பயணிகளுக்குரிய ஒரு நிகழ்ச்சியாக வளர்ந்தது. பரம்பிக்குளத்திலும் இவ்வாறே தெப்பப் பயணம் வருவாய் ஈட்டும் தொழிலாயிற்று.

இங்கே ஒரு பொருளாதார நுட்பம் உள்ளது. தெப்பத்தின் பொருட்செலவு ஏறக்குறைய மாறவில்லை. அதன் பயன் மீன் கூடையிலிருந்து பயணியின் அனுபவமாக மாறியபோது, ஒரு நாள் உழைப்பின் மதிப்பு உயர்ந்தது. அத்துடன் பொறுப்பும் உயர்ந்தது. தன் குடும்பத்திற்காகத் தெப்பம் கட்டுபவர் தன் அனுபவத்தை நம்பலாம். நீந்தத் தெரியாத அந்நியரை ஏற்றுபவர் அதை மட்டும் நம்ப இயலாது. உயிர்காப்பு அங்கியும், ஏற்றும் ஆட்களின் வரம்பும், பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இன்றியமையாதனவாயின.

மலையின் கிழக்குச் சரிவில்

இதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் வந்தால் தெப்பத்தின் இடத்தைப் பரிசல் பெறுகிறது. மூங்கில் சிம்புகளைக் கூடையாகப் பின்னி, முன்பு தோலாலும் பிற்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பாலும் மூடித் தார் பூசுவது இதன் முறை. நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரகடா மக்கள் மாயாற்றைக் கடக்கப் பரிசலையே நெடுங்காலம் நம்பியுள்ளனர். ஒகேனக்கல்லில் அது மீனவருக்கும் சுற்றுலாவுக்கும் ஒருசேரப் பயன்படுகிறது. ஒருவர் தலையில் கவிழ்த்துச் சுமந்து செல்லக்கூடிய எடையே அதன் பெரும் வசதி.

ஆனால் தெப்பத்திற்கும் பரிசலுக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. தெப்பம் தன் பொருளின் இயல்பால் மிதக்கிறது. பரிசல் தன் வடிவத்தால் மிதக்கிறது. நீர் உள்ளே புகாதவரையில் மட்டுமே அது கலம். விரிப்பு கிழிந்து நீர் நிறைந்துவிட்டால் ஏறியிருப்போரைத் தாங்கும் வலிமை அதற்கில்லை. பொருளால் மிதப்பதிலிருந்து வடிவத்தால் மிதப்பதற்கு மாறும்போது எடை குறைகிறது, வேகம் கூடுகிறது. ஆனால் இயல்பாகக் கிடைத்துவந்த ஒரு பாதுகாப்பு மறைந்துவிடுகிறது. மறைந்ததை வேறு வழியில் ஈடுசெய்யாவிட்டால் முன்னேற்றமே ஆபத்தாக முடியும்.

முட்டம் கற்பித்தது

இம்மாற்றம் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதை அறியக் குமரி மாவட்டக் கடற்கரையை நோக்க வேண்டும். அங்குக் கட்டுமரமும் குடைந்தெடுத்த வள்ளமும் மீனவர்களின் கலங்களாக இருந்தன. இவற்றுக்குரிய மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து வந்தன. காடுகள் சுருங்கியதாலும், வெட்டுதல் கட்டுப்படுத்தப்பட்டதாலும் பெரிய அடிமரங்கள் அரிதாகி விலையேறின. மலையில் ஏற்பட்ட தட்டுப்பாடு கடலோரத்தில் தொழில் நெருக்கடியாயிற்று.

1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில் அமைந்த படகு கட்டும் மையம் இதற்கு ஒரு விடை கண்டது. கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் ஆதரவிலும், பொருளியலறிஞர் சூமாக்கரின் சிந்தனையில் பிறந்த இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவின் துணையுடனும் அங்கே ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாக்கப்பட்டன. பெல்ஜிய நாட்டினரான பியர் ழிலே அம்முயற்சியில் முதன்மைப் பங்கு வகித்தார். மீனவர் சங்கங்களின் தென்னிந்தியக் கூட்டமைப்பும் 1980-இல் தோன்றி, பின்னர் இத்தகைய படகுகளைக் கட்டும் கூடங்களை நடத்தியது.

அங்கு மேற்கொள்ளப்பட்ட முறை ஆர்வலர்களின் உலகிலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1962-இல் இங்கிலாந்தில் ஒரு நாளிதழின் ஆதரவில் மிரர் என்னும் சிறு பாய்ப்படகு அறிமுகமாயிற்று. தச்சுத் தொழில் அறியாதவரும் வீட்டிலேயே கட்டத்தக்கதாக அது வடிவமைக்கப்பட்டது. வெட்டிய ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின் மேல் கண்ணாடியிழைப் பட்டையையும் பிசினையும் இட்டு இறுக்குவதே அம்முறை. சட்டங்களும் அச்சுகளும் வேண்டுவதில்லை. இவ்வகையில் பல பத்தாயிரம் படகுகள் பல நாடுகளில் கட்டப்பட்டன. பலகைகளைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டும் மரபு சோழமண்டலக் கரையிலும் மலபார்க் கரையிலும் பன்னெடுங்காலமாக வழங்கியது. ஆகவே கயிற்றுக்குப் பதிலாகக் கம்பியும், பிசினும் வந்தது என்று கூறினும் தவறாகாது.

முட்டத்தில் கிடைத்த பாடம் தொழில்நுட்பத்தைவிட விரிவானது. வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்தால் போதவில்லை. அலை மோதும் மணற்கரையில் இறக்கவும் ஏற்றவும் வேண்டும். வலை இழுப்பவர் நிற்க இடம் வேண்டும். மீனவர் ஏற்கும் தோற்றமும் வேண்டும். பலமுறை மாற்றியமைத்த பின்னரே படகு நிலைபெற்றது. இவ்வனுபவத்தை விளக்கி ழிலே 1985-இல் எழுதிய நூலுக்குச் 'சிறியது கடினமானது' என்று பொருள்படும் தலைப்பை அளித்தார். சிறியதே அழகு என்ற சூமாக்கரின் கூற்றுக்குக் களத்திலிருந்து வந்த மறுமொழி அது. சிறியது எளிதன்று, பயன்படுத்துவோரைக் கலந்து, பொறுமையுடன் செய்தாலன்றி அது வெற்றி பெறுவதில்லை.

இழப்பும் ஒன்று இருந்தது. கட்டுமரத்தை மீனவரே கட்டவும் அவிழ்க்கவும் முடிந்தது. ஒட்டுப்பலகை, பிசின், கண்ணாடியிழை ஆகியவை சந்தையிலிருந்து வரவேண்டியவை. கட்டும் வேலை வீட்டிலிருந்து கூடத்திற்கு மாறியது. ஆயினும் அக்கூடத்தின் மீது மீனவர் கூட்டமைப்பே உரிமை கொண்டிருந்ததால், திறன் சமூகத்தை விட்டு முழுவதும் வெளியேறவில்லை. மேலும், கட்டுமரம் மூழ்காதது. பலகைப் படகோ நீர் நிறைந்தால் அமிழக்கூடியது. ஆதலால் மிதவைப் பொருளை உள்ளே அடைத்து வைப்பது வடிவமைப்பின் ஒரு பகுதியாக வேண்டியதாயிற்று.

விபத்துகளும் விதிகளும்

மலை நீர்நிலைகளில் படகு என்றதும் அலுவலர் மனத்தில் எழுவது விபத்து பற்றிய அச்சமே. அது காரணமற்றதன்று. 2007 பிப்ரவரி 20 அன்று எர்ணாகுளம் மாவட்டத் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத் தானூரில் 22 பேர் இறந்தனர்.

இம்மூன்றும் பயணிகளை ஏற்றிச் சென்ற படகுகள். அளவுக்கு மீறிய சுமை, ஒரு பக்கமாகத் திரளும் கூட்டம், நிலைத்தன்மை சோதிக்கப்படாத அமைப்பு, அணியப்படாத உயிர்காப்பு அங்கி ஆகியவையே இத்தகைய துயரங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணங்கள். ஆனால் ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் எழும் கெடுபிடியின் நிழல், இவற்றில் எதற்கும் பொறுப்பாகாத சிறு தெப்பத்தின் மீதும் விழக்கூடும். தடை விதிப்பது அலுவலகத்திற்கு எளிது. ஆனால் ஏரி அங்கேயே இருக்கிறது. வலையும் பசியும் இருக்கின்றன. தடை செய்யப்பட்ட தெப்பம் மறைவதில்லை. இருளில் செல்லத் தொடங்குகிறது. அப்போதுதான் அது உண்மையில் ஆபத்தானதாகிறது.

சட்டம் இதற்கு வழி அமைத்தே வைத்துள்ளது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், விசையின்றி இயங்கும் கலங்களை உள்ளாட்சி அளவில் பதிவு செய்ய இடமளிக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்கிறது. நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட பொருள்களைப் பயன்படுத்தும் சமூக உரிமையையும் ஏற்கிறது. மீன் பிடிக்க உரிமை அளித்துவிட்டு, அதற்குரிய தெப்பத்திற்கு மூங்கில் வெட்டியவரைக் குற்றவாளியாக நடத்துவது முரண்பாடாகும். இவ்விரு சட்டங்களையும் ஒருங்கே படித்துச் செயற்படுத்தும் பொறுப்பு மாவட்ட அலுவலர்களுடையது.

செய்ய வேண்டுவன

முதலாவது, மூலப்பொருள். காட்டு மூங்கில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து மடியும் இயல்புடையது. அக்காலத்தில் கடும் தட்டுப்பாடு நேரும். குடியிருப்பை ஒட்டி மூங்கில் வளர்ப்பது இதற்கு ஈடாகும். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற சட்ட வரையறையிலிருந்து 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டமையால் இதற்கு இருந்த பெருந்தடை அகன்றுள்ளது. பலகைப் படகு வேண்டுவோருக்கு ரப்பர் மரம் உதவும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், எளிதில் கெடக்கூடிய ரப்பர் மரத்தைப் பாதுகாப்பு மருந்துகளால் பதப்படுத்தி, கண்ணாடியிழையால் போர்த்திச் சிறு வள்ளங்களை உருவாக்கியுள்ளது. பால் வற்றியதும் வெட்டப்படும் ரப்பர் மரங்கள் கேரளத்தில் மிகுதி. ஒட்டுப்பலகையைத் தேர்ந்தெடுத்தால், கடற்படகுகளுக்கான ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர அடையாளம் அதில் உள்ளதா என்று பார்த்து வாங்கக் கற்பிக்க வேண்டும். சாதாரணப் பலகை நீரில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

இரண்டாவது, எளிய சோதனை. ஊராட்சி அளவில் இரு சோதனைகள் போதும். மக்கள் ஏறும் முன் மணல் மூட்டைகளை ஏற்றி, எவ்வளவு சுமைக்கு எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து, ஏறத்தக்க ஆட்களின் எண்ணிக்கையைக் கலத்தின் மீதே வண்ணத்தில் எழுதுவது ஒன்று. ஆழமற்ற நீரில் கலத்தை வேண்டுமென்றே நீரால் நிரப்பி, அந்நிலையிலும் மிதக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. மிதக்காவிடில், இறுக மூடிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கலன்களை இரு முனைகளிலும் கட்டலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிலோகிராம் தாங்கும். நீரில் கிடக்கும் இருவர் பற்றிக்கொள்ள அது போதும். மூங்கிலின் கணுக்கள் இயல்பாகச் செய்ததைப் பரிசலிலும் பலகைப் படகிலும் இவ்வாறு செயற்கையாகச் செய்துகொள்ளலாம். இதற்குப் பெருநிதி தேவையில்லை.

மூன்றாவது, பயிற்சி. தொழிற்பயிற்சி நிலையங்களும் மீன்வளத் துறையும் இணைந்து குறுகிய காலப் பயிற்சி நடத்தலாம். அதில் கற்பிப்போர் இடத்தில் பொறியாளர் மட்டுமன்றி, தெப்பம் கட்டும் முதியோரும் அமர வேண்டும். மிதவைத்திறனின் சூத்திரத்தை ஒருவர் கூறட்டும்; எந்த மூங்கில் வெடிக்கும், எந்த மூங்கில் நிலைக்கும் என்பதை மற்றவர் கூறட்டும்.

தாமே கட்டிப் பழகியோரின் திறன் சமூகத்திற்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கேரளம் கண்டது. கடற்கரை மீனவர் ஏறத்தாழ 670 படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, சுமார் 65,000 பேரைக் காப்பாற்றினர் என்று மாநில அரசு அறிவித்தது. அப்படகுகள் பேரிடர் மேலாண்மைத் திட்டம் எதற்காகவும் வாங்கப்பட்டவை அல்ல. அவை மக்களிடம் இருந்தன; அவற்றைச் செலுத்தவும் செப்பனிடவும் அவர்கள் அறிந்திருந்தனர்.

அணைகளால் சமவெளி பெற்ற பயன் டன் கணக்கில் அளக்கப்படுகிறது. அந்நீரின் கரையில் எஞ்சிய மக்களுக்குத் திருப்பித் தரவேண்டியது மிகச் சிறிது: மூங்கிலுக்கு உரிமை, கலத்திற்குச் சோதனை, கைத்திறனுக்கு மதிப்பு. எதிர்காலத்தில் இப்பகுதிகளில் பணியாற்றச் செல்வோர் ஏரிக்கரையில் ஒரு தெப்பத்தைக் காணும்போது, அனுமதிச் சீட்டு உண்டா என்று கேட்பதற்கு முன், அது எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்கட்டும். அக்கேள்விக்குக் கட்டியவரிடம் விடை இருக்கும். அவ்விடையைச் சரிபார்த்து எழுதி வைப்பதே நிருவாகத்தின் கடமையாகும்.